சட்டத்தில் ஏறிய ஒரு பெயர்



என் பள்ளியில் பயின்று சென்ற மாணவி ஒருத்தி, 2012-ஆம் ஆண்டில், கைத்தடி ஊன்றி என் இல்லத்திற்கு வந்தாள். முதலில் ஒரு கண் மங்கிப் பின்பு தெளிந்ததாம். மறு ஆண்டு கால்கள் மரத்து, அதுவும் ஓரளவு நீங்கியதாம். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கேட்டபோது, "இந்த நோய்க்குச் சட்டத்தில் இடமில்லை, அம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டனர். "எனக்கு ஒன்றுமில்லை என்றா பொருள், ஐயா?" என்று கேட்டாள். நான் விடை கூறவில்லை.

அந்நோய் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்பர். மூளையையும் அது தாக்குவதால் அப்பெயர் பாதியே பொருந்தும் என்பது என் எண்ணம். மின்கம்பிக்கு மேலுறை இருப்பதுபோல நரம்பிழைகளுக்கும் மயலின் என்னும் உறை உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே அவ்வுறையை அரித்துவிட, அவ்விடத்தில் செய்தி தடைப்படுகிறது. கெட்ட இடத்திற்கேற்பப் பார்வையோ நடையோ பேச்சோ குன்றும். பெரும்பாலும் 20 வயதிற்கும் 40 வயதிற்கும் இடையே தோன்றுவது. பலருக்கு வந்து வந்து தணிவது. தணிந்த நாளில் பார்ப்பவர், இவருக்கு என்ன குறை என்றுதான் நினைப்பார்.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் பார்வையின்மை, கேட்புக் குறை, கைகால் இயக்கக் குறை முதலிய ஏழு வகைகளையே ஏற்றது. கால் மிகத் தளர்ந்தவர் இயக்கக் குறையின் பெயரால் உள்ளே நுழையலாம். களைப்பாலும் கண் மங்கலாலும் வருந்துபவர் வெளியே நிற்க வேண்டியதுதான்.

1985-இல் தோன்றிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கமும் மாற்றுத்திறனாளர் அமைப்புகள் பலவும் இந்நிலையை மாற்ற முயன்றன. மாற்றுத்திறனாளர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையை இந்தியா 2007-இல் உறுதி செய்ததும், பழைய சட்டம் போதாது என்று வாதிட நல்ல பிடி கிடைத்தது. சுதா கவுல் தலைமையிலான குழு 2011-இல் வரைவு அளித்தது. 2014-இல் மாநிலங்களவைக்கு வந்த மசோதாவை, 2016 டிசம்பரில் இரு அவைகளும் நிறைவேற்றின. 2017 ஏப்ரல் 19-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டத்தின் அட்டவணையில் 21 வகைகள் உள்ளன. நம் நோயின் பெயரும் அவற்றுள் ஒன்று.

பெயர் ஏறியதால் விளைந்தது என்ன? பாதிப்பு 40 விழுக்காட்டிற்குக் குறையாதெனச் சான்று பெற்றவர்க்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 விழுக்காடு இடங்களில் பங்குண்டு. வயது வரம்பில் 5 ஆண்டுத் தளர்வும் உண்டு. ஆயினும் அரசுப் பணிக்கான 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டுப் பிரிவில் இந்நோய் பெயர் சுட்டப்படவில்லை. வந்து தணியும் நோயை எந்த நாளில் அளப்பது என்ற சிக்கலும் தீர்ந்தபாடில்லை.

அம்மாணவி இப்போது சான்றிதழ் பெற்றுவிட்டாள். பணி ஒதுக்கீட்டுப் பிரிவிலும் பெயரைச் சேர்க்கக் கோரும் விண்ணப்பம் ஒன்றை எழுதி, திருத்தித் தருமாறு சென்ற திங்கள் எனக்கு அனுப்பியிருந்தாள். ஒற்றுப்பிழை இரண்டே இருந்தன.