பெருமழைக்குப் பின் ஆற்றின் கணக்கு

பெருமழை ஓய்ந்தபின் ஆற்றில் எந்த வேளையில் எவ்வளவு ஜலம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல விரும்புகிறவனுக்கு, மழைமானியின் அளவு ஒருபுறமும் ஆற்றின் நீர்மட்டக் குறிப்பு மறுபுறமும் கிடைக்கின்றனவே தவிர, நடுவே மண்ணுக்குள் நடக்கும் விவகாரம் புலப்படுவதில்லை. ஆகையால் நீரியல் நிபுணர்கள் மேல்மண்ணை ஒரு தொட்டியாகவும் அடிமண்ணை மற்றொரு தொட்டியாகவும் பாவித்து, அவற்றின் கொள்ளளவையும் கசிவின் வேகத்தையும் சில எண்களாக வைத்துக்கொண்டு, கணக்கில் வரும் பிரவாகம் அளந்த பிரவாகத்தோடு ஒட்டும்வரை அந்த எண்களைத் திருத்திக்கொண்டே போகிறார்கள். ஒட்டுதலை மதிப்பிட நாஷும் சட்கிளிஃபும் 1970இல் வகுத்த அளவுகோல் இன்றும் பிரசித்தம்: முற்றும் பொருந்தினால் 1, ஆற்றின் சராசரி ஓட்டத்தையே தினமும் ஒப்பித்தால் 0, அதற்கும் கீழே போனால், இவ்வளவு பிரயாசை எதற்கு என்று கேட்கலாம்.

திருத்துவதுதான் கஷ்டம். ஆஸ்திரேலியாவின் லிட்ஸ்டேல் நீர்ப்பிடிப்புப் பிரதேசம் ஒன்றையே பிடித்துக்கொண்டு இரண்டு வருஷத்துக்கு மேல் முழுநேரமாக உழைத்தும், இதுவே உத்தமமானது என்று சொல்லத்தக்க எண்தொகுதி அகப்படவில்லை என்று ஜான்ஸ்டனும் பில்கிரிமும் 1976இல் எழுதினார்கள். மேல்தொட்டியின் கொள்ளளவைச் சற்றே கூட்டி, கசிவின் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள். ஒன்றின் பிழையை மற்றொன்று மறைத்துவிடுவதால், ஆற்றில் தெரியும் வெள்ளம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு, படிப்படியாக நகர்ந்து தேடும் பழைய முறைகள் அருகில் தென்பட்ட சுமாரான விடையிலேயே நின்றுவிடும்.

1992இல் அரிசோனா சர்வகலாசாலையைச் சேர்ந்த துவான், சொரூஷியன், குப்தா மூவரும் வேறு வழி கண்டார்கள். எண்தொகுதிகள் பலவற்றை எங்கும் பரவலாகத் தூவி, அவற்றைக் கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலும் மட்டமானதைத் தள்ளி மேலானதை விருத்தி செய்து, பிறகு எல்லாவற்றையும் கலைத்து மறுபடி பிரிப்பது அவர்கள் முறை. மிசிசிப்பி மாகாணத்தில் 1,944 சதுர கிலோமீட்டர் பிரதேசத்தின் நீரை வாங்கும் லீஃப் நதியில், 13 எண்களைத் திருத்தவேண்டிய சாக்ரமெண்டோ என்னும் தொட்டி மாதிரிக்கு இம்முறை, எங்கே தொடங்கினாலும் ஏறக்குறைய ஒரே விடையில் கொண்டுபோய்ச் சேர்த்தது.

தேடும் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்தது. எதைத் தேடுவது என்னும் சிக்கல் தீரவில்லை. பிழையை வர்க்கமாக்கிக் கூட்டும் வழக்கத்தால் வெள்ளத்தின் உச்சம் கவனிக்கப்பட்டு, கோடையின் மெலிந்த ஓட்டம் உதாசீனமாகிறது. மழைமானிகளுக்கு இடையே கொட்டித் தீர்த்த மழை கணக்கில் வராமற்போனாலோ, கணிப்பொறி அந்தக் குறையை மண்ணின் தலையில் சுமத்தி எண்களைக் கோணலாக்கிவிடும். இதைக் கருதியே பெவனும் பின்லியும் அதே 1992இல், ஒன்றையே உத்தமம் என்று முடிசூட்டாமல், நன்றாகப் பொருந்தும் எண்தொகுதிகள் அனைத்தையும் ஓட்டிப் பார்த்து, வெள்ளத்துக்கு ஒரு கீழெல்லையும் மேலெல்லையும் சொல்லும் முறையை முன்வைத்தார்கள். அணையின் மதகைத் திறக்க உத்தரவிடுகிறவருக்கு ஒற்றை எண் சௌகரியம். ஆனால் இந்த இரண்டு எல்லைகளையே நான் அதிகம் நம்புவேன்.