ஆறு நூல்

1974-இல் அம்பத்தூரில் எங்கள் வீடு எழும்பியபோது பட்டறை என்று தனியாக ஒன்றும் இல்லை. திருமுல்லைவாயிலிலிருந்து சைக்கிளில் வரும் ஆசாரி, பூச்சு காணாத கூடத்தில் கோணியை விரித்து உட்கார்ந்தால் அதுவே பட்டறை. பலகையைக் கால் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு இழைப்பார். நாலு உளி, கொட்டாப்புளி, இரண்டு இழைப்புளி, ரம்பம், மூலைமட்டம், வில்லும் கயிறுமாய்ச் சுழற்றும் துறப்பணம். எல்லாம் ஒரு கித்தான் பைக்குள் அடங்கிவிடும். கதவு, ஜன்னல் முடிய மூன்று மாதம் ஆயிற்று.

இன்று அதே வீட்டின் கார் ஷெட்டில், பத்துக்கு எட்டடியில், என் பட்டறை. நின்று வேலை செய்ய 34 அங்குல உயர மேஜை. டிரில், ஜிக்சா, வட்ட ரம்பம். அவருக்கு அரை நாள் பிடித்த அறுப்பு எனக்குப் பத்து நிமிடம். ஆனால், அவர் இழைக்கும் சத்தத்தில் என் தங்கை தூளியில் தூங்குவாள். என் ரம்பத்தைப் பக்கத்துக் குடியிருப்புக்காரர்கள் ஞாயிறு முற்பகலுக்கு மட்டும் அனுமதித்திருக்கிறார்கள். நியாயம்தான். அவர் தள்ளிய சுருள்களை அம்மா வெந்நீர் அடுப்புக்குச் சேர்த்து வைப்பாள். என் ரம்பம் கக்குவது நுண்தூள். முகக்கவசம் இல்லாமல் தொடுவதில்லை.

அப்பா ஆசாரியையும் கூட்டிக்கொண்டு மரவாடிக்குப் போய்க் கன அடிக் கணக்கில் தேக்கு வாங்கினார். எனக்கு எட்டுக்கு நாலு ப்ளைவுட் வாசலுக்கே வருகிறது. இந்த ஊர் தரும் இன்னொன்றும் உண்டு. 1964-இல் தொடங்கிய தொழிற்பேட்டைக்கு வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பைன் பெட்டிகள், காயலான் கடையில் பலகையாகக் கிடைக்கும். வாங்குமுன் முத்திரையைப் பார்க்க வேண்டும். ‘எச்டி’ என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியது, எடுக்கலாம். ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. அதை நான் தொடுவதில்லை.

ஆசாரி வச்சிரப் பசையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் சட்டி வைத்துக் காய்ச்சுவார். நாற்றம் தாங்காது. ஃபெவிகால் 1959-லேயே வந்துவிட்டது, அவர் நம்பவில்லை. வச்சிரம் போட்ட முக்காலியை வெந்நீர் விட்டு இளக்கிப் பிரித்து, மறுபடி பூட்டலாம் என்பார். எங்கள் முக்காலியை அப்படி இருமுறை பூட்டினார். நான் ஒட்டியது உடைந்தால் மரம்தான் பிய்யும்.

அளவுகோலில்தான் நான் மாட்டிக்கொண்டேன். ஓர் அங்குலத்துக்கு எட்டு நூல். “தம்பி, ஆறு நூல் விடு” என்று அவர் சொல்லிச் சொல்லி, முக்கால் அங்குலம் என் காதில் ஆறு நூலாகவே நிற்கிறது. முதல் வேலையாகப் புத்தக அலமாரிக்குக் காடி எடுத்தேன், ஆறு நூல் அகலத்தில். அதாவது 19 மில்லிமீட்டர். கடைக்காரர் முக்கால் என்று தந்த ப்ளைவுட் 18. நாலு தட்டும் கடகடவென்று ஆடின. ஆசாரியாக இருந்தால் பலகையை வைத்தே காடிக்குக் கோடு கிழித்திருப்பார்.

பைன் துண்டு ஒன்றைக் கை இழைப்புளியால் இழைத்து, விழுந்த சுருள்களை அடுக்கடுக்காய் ஒட்டி இடைவெளியில் திணித்தேன். மூன்று தட்டு நின்றுவிட்டது. நாலாவதில் கனமான அகராதிகளை வைத்திருக்கிறேன்.