வெம்மையை வெளியேற்றும் ஆடை

காற்று ஓய்ந்த நண்பகலில் கொழும்புத்துறைக் கடனீரேரிக் கரையில் நிற்போர்க்கு, உடலோடு பிறந்த விசிறி பழுதுபட்டதோ என்று தோன்றும். வியர்வை அரும்புகிறது, உலர்வதில்லை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து கவர்ந்து செல்லும். காற்றில் ஈரம் மிகுந்தாலோ ஆவியாதல் குன்றும். அவ்வேளையில் பனையோலை விசிறியும் பெரும்பயன் தராது.

வியர்வையை நம்பாமல் உடலைக் குளிர்விக்க இயலுமா? இயலும். அதற்கான வித்து 1834இலேயே ஊன்றப்பட்டது. கடிகாரத் தொழிலை விடுத்து அறிவியலில் இறங்கிய பெல்தியே என்னும் பிரெஞ்சுக்காரர், இருவேறு உலோகங்கள் கூடுமிடத்தில் மின்னோட்டம் பாய்ந்தால் அங்கே வெப்பம் தோன்றவோ மறையவோ செய்வதைக் கண்டார். 1838இல் உருசியாவில் லென்சு என்பார் அத்தகைய சந்தியொன்றில் நீர்த்துளியை உறையவைத்தார். மின்னோட்டத்தின் திசையை மாற்றியதும் அத்துளி உருகிற்று.

பின்னர் பிஸ்மத்து தெலூரைடு என்னும் குறைகடத்தி இவ்விளைவை நடைமுறைக்குக் கொணர்ந்தது. எனினும் அதனாலான தகடு விறைப்பானது. மனித உடலோ வளைவுகளால் ஆனது. 2019இல் சான்டியேகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தார், அப்பொருளின் சிறு தூண்களைச் செப்புக் கீற்றுக்களால் இணைத்து, இரப்பர்போல் இழுபடும் இரு ஏடுகளுக்கிடையே பதித்தனர். கையில் அணிந்த அந்த ஒட்டு, சுற்றுப்புற வெப்பநிலை 22 முதல் 36 பாகை வரை மாறியபோதும் தோலை ஏறத்தாழ 32 பாகையில் வைத்திருந்தது. ஒரு மேற்சட்டைக்கு 144 ஒட்டுக்கள் வேண்டும் என்பதும், வழக்கமான வெயில் நாளில் அது 26 வாற்றும் கடும் வெப்பத்தில் 80 வாற்றும் உண்ணும் என்பதும் அவர்தம் கணிப்பு.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. இக்கருவி வெப்பத்தை அழிப்பதன்று, இடம் மாற்றுவதே. உடலிலிருந்து எடுத்த வெப்பமும் மின்னோட்டம் பிறப்பித்த வெப்பமும் வெளிப்புறத்தால் நீங்கவேண்டும். வெளிக்காற்று கொதிக்குமாயின் அப்பணி கடினமாகும். ஆறு மணிநேரம் 26 வாற்று வேண்டுமெனில், எட்டுப் பத்துக் கைபேசிகளின் மின்கலங்களுக்கு நிகரான சுமையை உடலிற் கட்டவேண்டும்.

அறையைக் குளிர்விக்கும் இயந்திரம் சுவருக்குள் இருப்போர்க்கே உதவும். வள்ளத்துக்குச் சுவரில்லை, தோட்டத்துக்குக் கூரையில்லை. ஆளை மட்டும் குளிர்விக்கும் ஆடை உண்மையில் வேண்டியிருப்பது அங்கேதான். உப்புநீரும் வியர்வையும் பட்டுப் பழுதுறாது, வலை இழுக்கும் கைக்குத் தடையாகாது, கூலிக்கு உழைப்போர் வாங்கும் விலையில் அது கிடைக்கும் நாளே இவ்வறிவியலின் வெற்றி நாள். அதுவரை அது நிழலில் இருப்போரின் ஆடம்பரமே.