நோய்க் காப்புறுதி: ஒப்பமிடுமுன்



சில ஆண்டுகளுக்கு முன்னர், எமது பாடசாலையின் இடைவேளை நேரத்தில், காப்புறுதி முகவர் ஒருவர் ஆசிரியர் ஓய்வறைக்கு வந்தார். அனுமதி கொடுத்தவன் அதிபராகிய நானே. இன்முகமும் இன்சொல்லும் வாய்ந்த அவர், பத்து நிமிடத்தில் நோய்க் காப்புறுதியின் பெருமைகளையெல்லாம் விரித்துரைத்தார். மணி அடிக்குமுன் ஐவர் ஒப்பமிட்டோம். படிவத்தை எம்மில் எவரும் நிரப்பவில்லை. "நீங்கள் கையெழுத்தை வையுங்கள் சேர், மிச்சத்தை நான் பார்த்துக்கொள்ளுகிறேன்" என்றார் அவர். வினாத்தாளை இருமுறை வாசித்த பின்னரே விடையெழுதத் தொடங்குங்கள் என்று மாணவர்க்கு முப்பது ஆண்டுகளாகச் சொல்லி வருபவன் நான்!

அடுத்த ஆண்டு, அந்த ஐவருள் ஒருவரான கணித ஆசிரியருக்குக் காலிற் புண் வந்து, தனியார் வைத்தியசாலை ஒன்றிற் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. செலவுத் தொகையைக் கோரியபோது நிறுவனம் மறுத்துவிட்டது. அவருக்கு நெடுநாளாக நீரிழிவு உண்டு. படிவத்திலோ, நீரிழிவு உண்டா என்னும் வினாவுக்கு நேரே "இல்லை" என்று எழுதப்பட்டிருந்தது. எழுதிய கை முகவருடையது, ஒப்பம் ஆசிரியருடையது. மனைவியின் காப்புகளை அடைவு வைத்தே அவர் வைத்தியசாலைக் கட்டணத்தைச் செலுத்தினார்.

நிறுவனம் அவ்வாறு மறுத்தற்கு இடங்கொடுப்பது யாது? சந்தையில் மாம்பழம் வாங்குபவன் பழத்தைத் தானே புரட்டிப் பார்த்து வாங்குகின்றான். ஏமாந்தால் பிழை பெரும்பாலும் அவனுடையதே. காப்புறுதி ஒப்பந்தம் அத்தகையதன்று. எமது உடலின் நிலையை அறிந்தவர் நாமே. நிறுவனம் எமது சொல்லை நம்பியே பொறுப்பேற்கின்றது. ஆகவே, அறிந்தவன் அறிந்ததை மறையாது வெளியிடல் வேண்டும் என்னும் விதியை, 1766ஆம் ஆண்டில் ஆங்கில நீதியரசர் மான்ஸ்பீல்ட் பிரபு ஒரு வழக்கில் வகுத்துரைத்தார். வழக்கு எழுந்ததோ நோயைப் பற்றியன்று. சுமாத்திராத் தீவிலிருந்த ஒரு கோட்டையைப் பற்றி! ஆங்கிலச் சட்ட மரபைத் தழுவிய எமது நாட்டிலும் அவ்விதியே காப்புறுதிக்கு அடிப்படையாயுள்ளது.

ஆதலின் பிரேரணைப் படிவத்தைச் சொந்தக் கையால் நிரப்புதல் வேண்டும். நீரிழிவு, குருதியமுக்கம், முன்னர் செய்த சத்திரசிகிச்சை, நாள்தோறும் விழுங்கும் குளிசை, இவை ஒன்றையும் விடலாகாது. நிரப்பிய படிவத்தின் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுதலும் அவசியம். ஆங்கிலப் படிவம் விளங்காதவர் தமிழில் தரும்படி கேட்பதிற் கூச்சப்படவேண்டியதில்லை.

நண்பருக்கு நேர்ந்ததைக் கண்டபின் யான் வீடு சென்று எனது பிரதியைத் தேடியெடுத்தேன். குருதியமுக்கத்துக்கு எட்டு ஆண்டுகளாகக் குளிசை எடுத்து வந்த எனக்கும் "இல்லை" என்றே எழுதியிருந்தது. அன்றிரவே உண்மையை விளக்கி நிறுவனத்துக்குக் கடிதம் வரைந்தேன். வைத்தியப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். கட்டுப்பணத்தையும் சிறிது உயர்த்தினார்கள். அந்த மேலதிகப் பணத்தை யான் மனமுவந்தே செலுத்துகின்றேன்.

இனி, தொகையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். விளம்பரத்திற் பெரிய எழுத்தில் நிற்கும் தொகை ஆண்டு முழுமைக்குமான உச்ச வரம்பாகும். அதனுள் ஒரு நோய்க்கு இவ்வளவு, அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று உள்வரம்புகள் இருத்தல் கூடும். உதாரணமாக, ஆண்டு வரம்பு 5 இலட்சம் ரூபா, ஒரு முறைக்கான வரம்பு 2 இலட்சம் ரூபா என்று கொள்வோம். சத்திரசிகிச்சைக்கு 3 இலட்சத்து 20 ஆயிரம் முடிந்தால், 1 இலட்சத்து 20 ஆயிரம் எமது கையினின்றே போகும். 2022ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் விலைவாசி முந்திய ஆண்டைவிட ஏறத்தாழ 70 சதவீதம் உயர்ந்திருந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு முன்னர் போதுமெனத் தோன்றிய வரம்பு இன்று பாதிச் செலவுக்கும் போதாமற் போகலாம். புதுப்பிக்கும்போதெல்லாம் அதனை மீள நோக்குதல் நன்று.

காத்திருப்புக் காலம் என்பதொன்றும் உண்டு. ஒப்பந்தம் தொடங்கிய முதற் சில வாரங்களில், விபத்தாலன்றி நோயால் வரும் செலவு பொதுவாகக் கிடைப்பதில்லை. கண்புரை, குடலிறக்கம் போன்றவற்றுக்கும், முன்னரே இருந்த நோய்களுக்கும் இக்காலம் ஆண்டுக் கணக்கிலும் நீளலாம். விலக்குகள் என்ற தலைப்பின்கீழ் உள்ள பக்கத்தை முதலில் வாசியுங்கள். முகவர்கள் விரைவாகப் புரட்டும் பக்கமும் அதுவே!

ஒரே பெயரில் வெவ்வேறு பண்டங்கள் விற்கப்படுவதும் மயக்கந் தருவதாகும். சில பத்திரங்கள் பற்றுச்சீட்டின்படி உண்மைச் செலவைத் தருவன. சில, வைத்தியசாலையில் தங்கும் நாளொன்றுக்குக் குறித்த தொகையை மட்டும் தருவன. வேறு சில, புற்றுநோய், மாரடைப்பு முதலிய பெருநோய் கண்டவிடத்து ஒரு தொகையை ஒரேமுறையில் தருவன. இவை பெரும்பாலும் ஆயுட் காப்புறுதியோடு இணைத்து விற்கப்படுகின்றன. அவ்வாறாயின் மூலப்பத்திரம் காலாவதியானால் இணைப்பும் நின்றுவிடுமா என்று கேட்டறிதல் வேண்டும்.

அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணமின்றிச் சிகிச்சை பெறும் நாட்டில் இதெல்லாம் எதற்கு என்பாரும் உளர். நியாயமான வினாவே. வீட்டு அடுப்பெரியப் பணம் போதாதவர், இதற்காகக் கடன்படுவதை யான் ஆதரிக்கமாட்டேன். ஆயினும் சத்திரசிகிச்சைக்கு மாதக்கணக்கிற் காத்திருக்க இயலாதவர்க்கும், வெளியிற் பரிசோதனை செய்து வரும்படி சொல்லப்பட்டவர்க்கும் இது கைகொடுக்கும். அரசாங்க உத்தியோகத்தர்க்கு அக்ரஹார காப்புறுதி ஏற்கெனவே உண்டு. அதன் பங்களிப்புச் சம்பளத்திற் கழிக்கப்படுகின்றது. அது எவ்வளவு தரும் என்பதை அறியாமலே இரண்டாவது பத்திரம் வாங்குவோர் பலர். உண்மைச் செலவை ஈடுசெய்யும் பத்திரங்கள் இரண்டு இருந்தாலும், ஒரே செலவை இருமுறை பெறல் இயலாது.

ஐம்பதைக் கடந்தோர் கவனிக்கவேண்டியது வயதெல்லை. எத்தனை வயதுவரை புதுப்பிப்பார்கள்? கட்டுப்பணம் வயதோடு எவ்வாறு ஏறும்? நோய் அதிகம் வரும் வயதிற் கைவிடும் பத்திரத்துக்கு இளமையிற் பணங்கட்டி என்ன பயன்?

நிறுவனம் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிற் பதிவு பெற்றதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்தது அது. 2017இல் இப்பெயரைப் பெற்றது. கோரிக்கை மறுக்கப்பட்டால், காரணத்தை எழுத்திற் கேட்டுப் பெற்று, முதலில் நிறுவனத்திடமே மேன்முறையீடு செய்து, பின் ஆணைக்குழுவுக்கோ காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கோ எழுதலாம்.

கோரிக்கை அனுப்புதற்கும் காலக்கெடு உண்டு. மூலப் பற்றுச்சீட்டுகளும் நோய் நிர்ணய அட்டையும் தேவைப்படும். நோயாளி கட்டிலிற் கிடக்கையில் இவற்றைச் சேர்ப்பவர் வீட்டார் அல்லவா? எனது பத்திரம் அலுமாரியின் மேற்றட்டில் நீலக் கோப்பில் இருக்கின்றது என்பதை என் மனைவிக்குச் சென்ற மாதந்தான் சொல்லி வைத்தேன்.