மோட்டார் சைக்கிள் எஞ்சின் போல்ட்டுகளின் முறுக்கு விசை அளவுகள்

மோட்டார் சைக்கிள் எஞ்சினில் உள்ள போல்ட், நட், திருகு ஆகியவற்றை எவ்வளவு முறுக்கு விசையில் இறுக்க வேண்டும் என்பதை அந்த வண்டியைத் தயாரித்த நிறுவனமே வரையறுத்துத் தருகிறது. பணிமனைகளில் இதனை 'டார்க்' என்பர். பள்ளி இயற்பியல் நூல்களில் விசையின் திருப்புத்திறன் என்று வருவதும் இதுவே. விசையின் அளவை, சுழல் மையத்திலிருந்து அது செயல்படும் செங்குத்துத் தொலைவால் பெருக்க இது கிடைக்கும். கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 40 நியூட்டன் விசை, அதாவது சுமார் 4 கிலோ எடை, கொடுத்தால் 10 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது.

வீட்டில் ஆயில் மாற்றுவோரும் வால்வு இடைவெளி சரிபார்ப்போரும் பெரும்பாலும் கைக்கணக்கில்தான் இறுக்குகின்றனர். நீண்ட அனுபவம் உள்ள மெக்கானிக்கின் கை ஓரளவு சரியாக இருக்கலாம். ஆண்டுக்கு இருமுறை ஸ்பேனர் பிடிப்பவரின் கையை நம்ப முடியாது. போல்ட் எஃகால் ஆனது. எஞ்சின் உறையோ அலுமினியக் கலவை வார்ப்பு. அளவு மீறினால் பெரும்பாலும் உறையில் உள்ள மரைதான் உரிந்து வருகிறது. அளவு குறைந்தால் அதிர்வில் போல்ட் தளர்ந்து ஆயில் கசியும். ஓடும்போது ஆயில் போல்ட் கழன்று விழுந்தால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். கொட்டும் ஆயில் பின் சக்கரத்தில் பட்டால் வண்டி சறுக்கும்.

போல்ட் எவ்வாறு பிடிக்கிறது

இறுக்கப்பட்ட போல்ட் மிகச் சிறிய அளவில் நீண்டு, ஒரு வில்சுருள் போல இரு பாகங்களையும் சேர்த்து அழுத்துகிறது. நமக்குத் தேவை இந்த அழுத்த விசைதான். ஆனால் அதை நேரடியாக அளக்க எளிய வழி இல்லாததால் முறுக்கு விசையை அளக்கிறோம். கொடுக்கும் முறுக்கு விசையில் சுமார் பத்தில் ஒரு பங்கே போல்ட்டை நீட்டப் பயன்படுகிறது. மீதி, போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உள்ள உராய்வில் செலவாகிறது.

ஆகவே உராய்வு மாறினால் எல்லாம் மாறும். உலர்ந்த எஃகு மரைக்கு உராய்வைக் குறிக்கும் கெழுவாகப் பொதுவாக 0.2 எடுத்துக்கொள்ளப்படுகிறது. 6 மில்லிமீட்டர் போல்ட்டை 10 நியூட்டன் மீட்டரில் இறுக்கினால், அழுத்த விசை சுமார் 8,300 நியூட்டன். எண்ணெய் தடவினால் கெழு 0.15 அளவுக்கு இறங்கும். அதே முறுக்கு விசைக்கு அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும். கையேட்டில் 'மரையில் ஆயில் தடவவும்' என்றிருந்தால் தடவ வேண்டும், இல்லாவிட்டால் தடவக் கூடாது.

சரியான அளவைக் கண்டறிதல்

வண்டியுடன் தரப்படும் உரிமையாளர் கையேட்டில் பொதுவாக ஆயில் போல்ட், ஸ்பார்க் பிளக், அச்சு நட் போன்ற சில அளவுகள் மட்டுமே இருக்கும். சிலிண்டர் ஹெட், கிளட்ச், கேம் சங்கிலி போன்றவற்றுக்குப் பணிமனைக் கையேட்டைப் பார்க்க வேண்டும். கையேடு அந்த வண்டிக்கு உரியதுதானா என்பதில்தான் பலர் தவறுகின்றனர்.

ராயல் என்ஃபீல்டு புல்லட் 350 இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1950களிலிருந்து சென்னையில் தயாரிக்கப்பட்டு வந்த இந்த வண்டியின் பழைய வார்ப்பிரும்பு எஞ்சினில் கியர் பெட்டி தனியாக இருந்தது. பின்னர் வந்த, கியர் பெட்டியும் எஞ்சினும் ஒரே உறையில் அமைந்த எஞ்சின் முற்றிலும் வேறானது. ஆனால் இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீட்டர், பிஸ்டன் வீச்சு 90 மில்லிமீட்டர், கொள்ளளவு 346 சிசி. 2023 முதல் புல்லட்டில் வருவது 349 சிசி கொண்ட இன்னொரு எஞ்சின். எனவே 'புல்லட் 350' என்ற பெயரையோ, பதிவுச் சான்றிதழில் உள்ள சிசியையோ மட்டும் வைத்து அளவைத் தேடுவது பயனற்றது. எஞ்சின் எண்ணையும் தயாரிப்பு ஆண்டையும் கையேட்டின் முதல் பக்கங்களில் உள்ள விவரத்தோடு ஒப்பிட வேண்டும்.

கையேட்டில் ஒரு போல்ட்டுக்குத் தனி அளவு இல்லையெனில், அதிலுள்ள பொது அட்டவணை பொருந்தும். ஹோண்டா கையேடுகளில் இது 5 மில்லிமீட்டருக்கு 5, 6 மில்லிமீட்டருக்கு 10, 8 மில்லிமீட்டருக்கு 22, 10 மில்லிமீட்டருக்கு 34 நியூட்டன் மீட்டர் என அமையும். இந்த மில்லிமீட்டர் மரையின் வெளி விட்டம். ஸ்பேனர் அளவு அன்று. நம் ஊரில் 'பத்து நம்பர் போல்ட்' என்றால் பத்தாம் எண் ஸ்பேனர் பொருந்தும் போல்ட். அதன் மரை பெரும்பாலும் 6 மில்லிமீட்டர்தான். அதற்கு 10 மில்லிமீட்டர் வரிசையைப் பார்த்து 34 கொடுத்தால் போல்ட் முறியும், அல்லது மரை போய்விடும்.

பொது அட்டவணை ஆயில் போல்ட்டுக்கும் பொருந்தாது. 12 மில்லிமீட்டருக்கு அட்டவணை 54 என்று சொன்னாலும், பல ஹோண்டா வண்டிகளில் அதே விட்டமுள்ள ஆயில் போல்ட்டுக்கு 24 அல்லது 30 மட்டுமே. அங்கே கசிவைத் தடுப்பது வாஷர். அதை ஒவ்வொரு முறையும் மாற்றுவது நல்லது.

அலகுகள்

ஒரு கிலோகிராம் விசை மீட்டர் 9.8 நியூட்டன் மீட்டருக்குச் சமம். ஓர் அடி பவுண்டு 1.356 நியூட்டன் மீட்டர். 22 நியூட்டன் மீட்டர் என்பதை அடி பவுண்டு அளவுகோலில் வைத்தால் ஏறக்குறைய 30 ஆகிவிடும். அங்குல பவுண்டை அடி பவுண்டாகப் படித்தால் தவறு 12 மடங்கு.

கருவியும் பயன்பாடும்

நியூயார்க் நகரின் நீர்த்துறையில் பணியாற்றிய கான்ராட் பார் என்பவர் 1918இல் டார்க் ரென்ச்சை உருவாக்கியதாகக் குறிப்பிடப்படுகிறது. நிலத்தடிக் குழாய்களின் போல்ட்டுகள் அளவு மீறி இறுக்கப்படுவதைத் தடுப்பதே நோக்கம். இன்று பரவலாக உள்ளது, குறித்த அளவை எட்டியதும் 'கிளிக்' என்று ஒலிக்கும் வகை. முதல் ஒலியோடு நிறுத்த வேண்டும். உறுதிக்காக இன்னொரு முறை இழுப்பது கூடுதல் இறுக்கமே. அளவெல்லையின் அடிப்பகுதியில் இதன் துல்லியம் குறைவு. 20 முதல் 100 வரை காட்டும் ரென்ச்சால் 10 நியூட்டன் மீட்டர் போல்ட்டை இறுக்க இயலாது; எஞ்சின் வேலைக்குச் சிறியது ஒன்று தனியாக வேண்டும். போல்ட்டைக் கழற்றவும் இதைப் பயன்படுத்தக் கூடாது. வேலை முடிந்ததும் அளவை மிகக் குறைந்த நிலைக்குத் திருப்பி வைக்க வேண்டும்.

சிலிண்டர் ஹெட் நட்டுகளை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, குறுக்குக் குறுக்காக, இரண்டு மூன்று கட்டங்களில் இறுக்குவர்.

ஸ்பார்க் பிளக்குக்கு டார்க் ரென்ச் இல்லாவிட்டாலும் வழி உண்டு. வாஷர் உள்ள புதிய பிளக்கை விரலால் முழுவதும் திருகியபின் அரைச் சுற்று போதும். பழைய பிளக்கையே மீண்டும் போட்டால், வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால், பன்னிரண்டில் ஒரு சுற்று. அலுமினிய ஹெட்டில் 10 மில்லிமீட்டர் மரையுள்ள பிளக்குக்கு 10 முதல் 12 நியூட்டன் மீட்டர், 14 மில்லிமீட்டருக்கு 25 முதல் 30 என்பது என்ஜிகே நிறுவனத்தின் பொது அளவு.

மரை உரிந்துவிட்டால், பெரிய போல்ட்டை வலிந்து ஏற்றுவது தற்காலிகத் தீர்வே. துளையைச் சற்றுப் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, அதனுள் எஃகுக் கம்பிச் சுருளைப் பொருத்தினால் பழைய போல்ட்டையே பயன்படுத்தலாம். லேத் பட்டறைகளில் இதனை ஹெலிகாயில் போடுவது என்பர்.