செங்கல்லில் ஒரு காபி

ஒருவர் கூரையைப் பார்த்தார், இன்னொருவர் ஓவியத்தை, மூன்றாமவர் கொத்தனாரின் கையை. திருவனந்தபுரத்தை அதன் மக்களுக்கே அடையாளம் காட்டிய மூன்று வெளிநாட்டவர்களின் கதை.

தம்பானூர் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்து சாலையைக் கடந்தால் பஸ் நிலையத்தை ஒட்டி ஒரு சிவப்புக் கோபுரம் கண்ணில் படும். கோயில் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். அது ஓட்டல். உள்ளே நுழைந்தால் மாடியும் இல்லை, படியும் இல்லை. ஒரே சரிவுப் பாதை பாம்பு மாதிரி சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி, அந்தச் சுவரோடேயே கட்டப்பட்ட மேசைகளும் பெஞ்சுகளும். செங்கல் இடைவெளிகள் வழியாக வெளிச்சமும் காற்றும் பஸ் ஹாரன் சத்தமும் தாராளமாக உள்ளே வருகின்றன. விசிறி மடிப்புத் தலைப்பாகையும் வெள்ளை உடையுமாக ஒருவர் வந்து மசால் தோசையை வைத்துவிட்டுப் போகிறார். பிட்டுப் பார்க்கும் மதுரைக்காரருக்கு அதிர்ச்சி. உள்ளே மசால் சிவப்பாக இருக்கிறது. பீட்ரூட்!

இந்தியன் காபி ஹவுஸின் இந்தக் கட்டடத்தை வடிவமைத்தவர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்த லாரி பேக்கர். திருவனந்தபுரத்துக்கு வந்து பிரமித்த முதல் வெளிநாட்டவர் அவரல்ல. ஆனால் பிரமித்ததோடு நிற்காமல் இங்கேயே தங்கி, இங்கேயே 2007 ஏப்ரல் 1-ம் தேதி தமது 90-வது வயதில் கண்ணை மூடியவர் அவர்தான்.

ஐரோப்பியர்களில் முதலில் வந்தவர்கள் இந்த ஊரைக் கற்றுக்கொள்ள வரவில்லை, கற்றுக்கொடுக்க வந்தார்கள். சாட்சி வேண்டுமானால் தலைமைச் செயலகத்தைப் பார்க்கலாம். கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவ் திருவிதாங்கூர் திவானாக இருந்த காலத்தில், 1869-ல் கட்டி முடிக்கப்பட்டது. வடிவமைத்தவர் வில்லியம் பார்ட்டன் என்ற எஞ்சினீயர். பெரிய பெரிய தூண்கள், வெள்ளை வெளேரென்ற முகப்பு. ஐரோப்பிய நகரம் ஒன்றின் சதுக்கத்திலிருந்து பெயர்த்து வந்து தென்னை மரங்களுக்கு நடுவே வைத்தது போன்ற தோற்றம்.

பத்தே ஆண்டுகளில் காற்று திசை மாறியது. சென்னைவாசிகளுக்கு ராபர்ட் சிஸ்ஹோம் அறிமுகமானவர். பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸும் சென்ட்ரல் அருகேயுள்ள விக்டோரியா பப்ளிக் ஹாலும் அவர் கைவண்ணம். திருவனந்தபுரத்தில் மியூசியம் கட்டும் பொறுப்பு அவரிடம் வந்தபோது அவர் ரோமாபுரியைத் தேடிப் போகவில்லை. அண்ணாந்து இந்த ஊரின் கூரைகளைப் பார்த்தார். பெருமழையை வழித்துக் கீழே தள்ளும் செங்குத்தான சரிவு, முகப்பில் மரவேலை, கீழே நிழல். 1880-ல் எழுந்த நேப்பியர் மியூசியத்தில் அந்தக் கூரைகள்தான் ராஜாக்கள். சுவரில் பட்டை பட்டையாக வண்ணங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே உயரமான மண்டபத்தில் காற்று உலவுகிறது. மின்விசிறி வருவதற்கு முந்தைய ஏற்பாடு.

கூரையை சிஸ்ஹோம் கண்டுகொண்டார். சுவரில் தொங்கவேண்டியதைக் கண்டுகொண்டவர் ஓர் அயர்லாந்துக் கவிஞர். 1873-ல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்த ஜேம்ஸ் கசின்ஸ், கவிஞர் யேட்ஸின் வட்டத்தில் இருந்தவர். அன்னி பெசன்ட்டின் அழைப்பில் 1915-ல் மனைவி மார்கரெட்டுடன் இந்தியாவுக்கு வந்தார். (ஜன கண மன பாட்டின் மெட்டை ஸ்வரப்படுத்தி எழுதிவைத்தவர் என்று இன்று நினைவுகூரப்படும் மார்கரெட் கசின்ஸ் இவர்தான்.) அடையாறிலும் மதனப்பள்ளியிலும் இருந்த கசின்ஸ், பின்னர் திருவிதாங்கூர் அரசின் கலை ஆலோசகரானார்.

அப்போது ரவி வர்மா இறந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுப் படங்களாக நாடெங்கும் பூஜை அறைகளில் இருந்தார்கள். ஆனால் பொதுமக்கள் நின்று நிதானமாகப் பார்க்கச் சொந்த மண்ணில் ஓர் இடம் இல்லை. 1935-ல் மியூசியம் வளாகத்தில் ஸ்ரீ சித்திராலயம் திறக்கப்பட்டதில் கசின்ஸுக்குப் பெரும் பங்கு உண்டு. ரவி வர்மாவுக்குப் பக்கத்திலேயே தஞ்சாவூர் ஓவியங்கள், ராஜபுத்திர, மொகலாயச் சிற்றோவியங்கள், சீனம், ஜப்பான், திபெத், பாலி ஓவியங்கள் என்று ஆசியாவே ஒரு கூரையின் கீழ் வந்தது. எண்ணெய்ச் சாயத்தில் ஐரோப்பிய பாணியில் வரைந்த ரவி வர்மாவை ஆசியக் கலைக்கு நடுவே மாட்டிவைத்து, இரண்டையும் சேர்த்துப் பாருங்கள் என்று சொல்வதற்கு ஓர் ஐரோப்பியர் வேண்டியிருந்தது. 2023-ல் ரவி வர்மாவுக்கென்றே தனிக் காட்சிக்கூடம் அதே வளாகத்தில் திறக்கப்பட்டது.

கூரை, ஓவியம் இரண்டும் அரண்மனை சம்பந்தப்பட்ட விஷயங்கள். ஏழையின் சுவர்? அங்கேதான் பேக்கர் வருகிறார்.

இரண்டாம் உலகப் போரில் துப்பாக்கி தூக்க மறுத்து, மருத்துவ சேவைக் குழுவில் சேர்ந்து சீனாவுக்குப் போனவர் அவர். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்குக் காத்திருந்த நாட்களில் மகாத்மா காந்தியைச் சந்தித்தார். பேக்கர் காலில் இருந்தது துணியால் செய்த செருப்பு. காந்தியின் கண் அதில்தான் விழுந்தது என்பார்கள். வீடு கட்டத் தேவையான பொருள்கள் ஐந்து மைல் சுற்றளவுக்குள் கிடைக்கவேண்டும் என்ற காந்தியின் கருத்து அவர் மனதில் ஒட்டிக்கொண்டது.

1945-ல் தொழுநோய் மருத்துவமனைகள் கட்டுவதற்காக இந்தியா திரும்பினார். கேரளத்தைச் சேர்ந்த டாக்டர் எலிசபெத் ஜேக்கப்பை 1948-ல் மணந்தார். இமயமலையில் பித்தோராகட்டில் தேனிலவுக்குப் போன தம்பதி, அங்கே மருத்துவமனை வைத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல் தங்கிவிட்டார்கள். பர்மிங்ஹாம் கல்லூரியில் கற்ற பாடம் அந்த மலையில் உதவவில்லை. கல், களிமண், சாணம் இவற்றோடு உள்ளூர்க்காரர்கள் கட்டிய வீடுதான் பனியிலும் மழையிலும் நின்றது. கல்லூரியில் கற்காததை மலைவாசிகளிடம் கற்றார். வாகமண்ணில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு 1970 வாக்கில் திருவனந்தபுரம் வந்து, நாலாஞ்சிறையில் பாறைச் சரிவு ஒன்றில் வீடு கட்டிக்கொண்டார்.

நேரம் நல்ல நேரம். முதல்வராக இருந்தவர் எளிமைக்குப் பெயர்போன சி. அச்சுத மேனன். பொருளாதார நிபுணர் கே.என். ராஜ், உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தைத் தொடங்கியிருந்தார். அதன் வளாகம் பேக்கர் கைக்கு வந்தது. மரத்தை வெட்டவேண்டிய இடத்தில் சுவர் வளைந்து கொடுத்தது. ஜன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி.

அவருடைய சிக்கனத்தில் மந்திரம் ஒன்றுமில்லை. செங்கல்லைப் படுக்கவைக்காமல் விளிம்பில் நிறுத்தி அடுக்கினால் சுவருக்குள் வெற்றிடம் கிடைக்கும். ‘எலிப்பொறிக் கட்டு’ என்று பெயர். செங்கல்லில் சுமார் கால் பங்கு மிச்சம். உள்ளேயுள்ள காற்று வெப்பத்தையும் தடுக்கிறது. கூரைத் தளத்தின் அடிப்பாகத்தில் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான், அங்கே கான்கிரீட் வெறும் சுமை. எனவே அந்த இடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்து, சிமென்ட்டை மிச்சப்படுத்தினார். நல்ல செங்கல்லாக இருந்தால் அதைப் பூசி மறைப்பானேன் என்பது அவர் கேள்வி. உறைகளின் பின்பக்கத்தில் படம் வரைந்து, கொத்தனாரோடு பேசிக்கொண்டே வேலையை நடத்தினார். கேலிச் சித்திரங்களுடன் சின்னச் சின்னப் புத்தகங்கள் எழுதி, வீடு கட்டப்போகிறவர்களிடம் வீண் செலவைக் கிண்டலடித்தார். 1985-ல் அச்சுத மேனன், ராஜ் ஆகியோருடன் சேர்ந்து காஸ்ட்ஃபோர்ட் அமைப்பைத் தொடங்கினார். 1990-ல் பத்மஸ்ரீ வந்தது. சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவின் திட்டத்திலும் அவருடைய கை இருக்கிறது.

காபி ஹவுஸுக்கும் பேக்கருக்கும் பொருத்தம் பத்தும் உண்டு. காபி போர்டு தன் கடைகளை மூடியபோது வேலையிழந்த தொழிலாளர்களைக் கூட்டுறவாக ஒன்றுசேரத் தூண்டியவர் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1957-ல் பெங்களூரிலும் 1958-ல் திருச்சூரிலும் தொழிலாளர்களே நடத்தும் காபி ஹவுஸ்கள் முளைத்தன. தோசை கொண்டுவரும் தலைப்பாகைக்காரருக்கு முதலாளி என்று தனியாக யாரும் இல்லை. முதலாளி இல்லாத ஓட்டலுக்குப் பூச்சு இல்லாத கட்டடம்.

ஆனால் பூச்சைத்தான் ஊர் விரும்புகிறது. ஏழைகளுக்காக பேக்கர் கண்ட சுவர், ஏழையின் கண்ணுக்குப் பாதியில் நின்றுபோன வீடு. பணக்காரர்தான் அதை ரசித்துக் கட்டிக்கொண்டார். பூசி, வர்ணமடித்து, கண்ணாடி பதித்தால்தான் வளைகுடாவில் சம்பாதித்த பணத்துக்கு மரியாதை. இன்று நகரத்தின் பெரிய சாலைகளில் எழும் கட்டடங்களில் காற்று நுழைய வழியில்லை. வெப்பத்தைக் கண்ணாடி வழியே உள்ளே விட்டு, பிறகு ஏ.சி. வைத்து விரட்டுகிறார்கள். விளப்பில்சாலையில் பேக்கர் பெயரிலுள்ள மையம் அவர் பாடத்தை இன்றும் சொல்லித் தருகிறது. கற்றவர்களைவிட மறந்தவர்கள் அதிகம்.

இதில் தமிழர்கள் சிரிக்க ஒன்றுமில்லை. செட்டிநாட்டு முற்றத்தையும் தஞ்சாவூர்த் திண்ணையையும் இடித்துவிட்டு நாம் கட்டுவதும் அதே கண்ணாடிப் பெட்டிதான். பக்கத்து வீட்டில் இருக்கும் பொக்கிஷத்தைச் சொல்ல அடுத்த ஊர்க்காரர் வரவேண்டும் என்பது இரு மாநிலத்துக்கும் பொதுவான பழக்கம்.

தம்பானூரில் மாலை ரயிலுக்கு நேரமாகிறது. சரிவில் இறங்கும்போது சுவரின் ஓட்டைகள் வழியாகச் சாய்ந்த வெயில், தரையில் கோலம் போட்டிருக்கிறது. செலவில்லாத அலங்காரம். பில்லில் அதற்குக் காசு போடவில்லை.