ஒரு பாகைத் திருப்பம்

தெங்கேராவிலிருந்து படிவம் நான்கு மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாள்: “பென்சில் கரியில் தடையே இல்லாமல் மின்சாரம் ஓடுமாமே, உண்மையா ஐயா?”

ஒரு விதத்தில் உண்மைதான் அம்மா. பாதரசமும் ஈயமும் கடுங்குளிரில் தடையற்ற மீக்கடத்தியாவது எல்லாரும் படித்ததுதான், அதை விட்டுவிடுவோம். பென்சில் கரியான கிராஃபைட்டை ஒட்டுநாடாவால் உரித்து, ஓரணு கனமே உள்ள ஏட்டைப் பிரிக்கலாம். அதுதான் கிராஃபீன். 2018இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பாப்லோ ஹரியோ எரேரோ குழுவினர் அப்படியோர் ஏட்டை இரண்டாகக் கிழித்து, ஒன்றன்மேல் ஒன்றை 1.1 பாகை திருப்பி வைத்தார்கள். சுமார் மைனஸ் 271 பாகை செல்சியஸ் குளிரில் தடை மறைந்தது. வேறெந்தப் பொருளையும் கலக்கவில்லை. அடிப்படை அந்தத் திருப்பந்தான்!

கொசுவலையை இரண்டாக மடித்து விளக்குக்கு நேரே பிடித்துச் சற்றே திருப்பிப் பாருங்கள். வலைக்கண்ணைவிடப் பெரிய அலைக்கோலம் எழும். கிராஃபீனிலும் அதே கதை. கோலத்தின் ஒரு கட்டம் ஏறத்தாழ 13 நானோமீட்டர். அணுக்களின் கட்டத்தைப் போல ஐம்பது மடங்கு. அதில் எலக்ட்ரான்களின் வேகம் செத்துப்போகிறது. ஒன்றையொன்று விலக்கும் குணம் ஓங்குகிறது. இந்தக் கோணத்தை இயற்பியலாளர்கள் பிஸ்ட்ரிட்சரும் மெக்டொனால்டும் 2011லேயே கணக்கிட்டிருந்தார்கள்.

மீக்கடத்தலுக்கு எலக்ட்ரான்கள் ஜோடி சேரவேண்டும். விலகி ஓடுபவை எப்படி ஜோடி சேர்கின்றன? ஈயத்தில் அணுக்களின் அதிர்வு சேர்த்துவைக்கிறது. கிராஃபீனில் அதுதானா, விலக்கமேதானா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. விலக்கத்திலிருந்தே ஜோடி பிறக்கும் என்ற எண்ணத்தை, மீக்கடத்தும் செப்பு ஆக்சைடுகளுக்காக 1987இல் இயற்பியலாளர் ஆண்டர்சனோடு சேர்ந்து வளர்த்தவர், சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். கிராஃபைட் ஏட்டிலும் இதற்கு இடமுண்டு என்று 2002இலேயே எழுதியவர்.

அறிவியலில் இப்படித் தீராத வழக்குகள் இருக்க, நாமோ தமிழ்ப்பள்ளியில் அதை எந்த மொழியில் நடத்துவது என்று ஓயாமல் வாதாடுகிறோம். நான் தமிழ்க் கட்சி. ஆனால் விடை தெரிந்த கேள்விகளை மட்டுமே கொடுத்தால், எந்த மொழியிலும் அது மனப்பாடந்தான். பாஸ்கரன் பெயர் நம் பிள்ளைகளுக்கு எட்டவில்லை என்பது ஒரு குறை. இப்படித் தீராத கேள்விகள் இருப்பதே எட்டவில்லை என்பது பெருங்குறை. எஸ்.பி.எம். தேர்வில் இயற்பியலில் ஏ வாங்கிய பிள்ளையை மருத்துவத்துக்கு மட்டுமே மனுப்போடச் சொல்லும் பெற்றோரே, பாரத்தை நிரப்புமுன் இத்தகைய கேள்விகளில் ஆசை உண்டா என்று பிள்ளையையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.